தறிவீட்டுப் பிள்ளைக்கும் மாண்டிசோரி

ஆரணியில் நெசவாளர் குடியிருக்கும் தெருக்களில் காலை நேரத்தில் பாவு நீட்டியிருப்பதைக் காணலாம். சாயமேற்றிய பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பெரியவர்கள் அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டிருப்பார்கள். புத்தகப் பையைச் சுமந்த பிள்ளைகள் அந்த இழைகளை ஒட்டியே பள்ளிக்கு நடந்து போவார்கள். பள்ளியில் பட்டுப்பூச்சியின் வாழ்க்கைப் பருவங்களை முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். தெருவில் கண்ட இழையையும் புத்தகத்தில் படித்த புழுவையும் இணைத்துப் பார்க்கும்படி வகுப்பறை அவர்களைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

வீட்டில் கை வேலை செய்கிறது; பள்ளியில் நினைவாற்றல் வேலை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய அறிவியல் தொலைந்துபோகிறது. குழந்தையின் கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவைக் கண்டறியத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா மாண்டிசோரி. இன்று சிறு நகரங்களிலும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் அவர் பெயரைக் காண்கிறோம். ஆனால், தொடக்கப்பள்ளி வயதினருக்கான அவரது அறிவியல் கல்வி முழு வடிவம் பெற்றது நம் கொடைக்கானலில் என்பதும், அவரது முதல் பள்ளி ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கானது என்பதும் பரவலாக அறியப்படவில்லை.

இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31 அன்று மரியா பிறந்தார். தந்தை அரசின் நிதித்துறை அலுவலர். தாய் படிப்பில் நாட்டம் கொண்டவர். குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தபின், மாணவர்களே பெரும்பாலும் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் பொறியியல் கனவோடு சேர்ந்தார் மரியா. பின்னர் மனம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறாய்வு செய்வது முறையன்று எனக் கருதப்பட்டதால், மற்றவர்கள் சென்றபின் தனியாகப் பிணவறையில் பயின்றார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர்.

பணியின் பொருட்டு ரோமின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்றபோது அவர் கண்ட காட்சி ஒன்றை அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள் வெற்று அறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். உணவு முடிந்தபின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். காப்பாளருக்கு அது பேராசையாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கோ, தொட்டு உணர வேறு எதுவுமே தரப்படாத கைகளின் தேடலாகத் தெரிந்தது.

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் பழகுவதற்கான பொருள்களைச் செய்து அக்குழந்தைகளிடம் கொடுத்தார். அவர்களுள் சிலர் சாதாரணப் பள்ளி மாணவர்கள் எழுதும் பொதுத்தேர்வில் தேறினார்கள். நாடு அவரைப் பாராட்டியபோது அவர் மனத்தில் எழுந்த வினா வேறு. குறைபாடுள்ள குழந்தைகள் இந்த அளவுக்கு உயர முடியுமானால், எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளைப் பள்ளிகள் ஏன் இவ்வளவு தாழ்ந்த நிலையில் வைத்திருக்கின்றன? ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த வினா பழசாகவில்லை.

இக்காலத்தில்தான் அவருடைய சொந்த வாழ்வின் பெருந்துயரும் நிகழ்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு கொண்ட உறவில் 1898-இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. சமூகத்தின் பழிக்கு அஞ்சிக் குழந்தை ஒரு கிராமத்துக் குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்டது. பிறர் குழந்தைகளுக்காக உலகெங்கும் பேசிய தாய், தம் மகனைப் பதின்ம வயதில்தான் தம்மோடு அழைத்துக்கொள்ள முடிந்தது. அதன்பின் மரியோ, தாயின் இறுதிக்காலம் வரை அவரது பணியில் வலக்கையாக இருந்தார்.

ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்குப் பழைய குடியிருப்புகளைச் சீரமைத்த கட்டட நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுபிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கியும் படிகளைச் சேதப்படுத்தியும் வந்தார்கள். பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு என்று நிறுவனம் கணக்கிட்டது. இந்த எளிய செலவுக் கணக்கிலிருந்துதான் 1907 ஜனவரி 6 அன்று 'குழந்தைகள் இல்லம்' பிறந்தது. பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், கல்வி வரலாற்றில் இதைவிட ஆதாயமான சிக்கன நடவடிக்கையை நான் அறியேன்.

அங்கு அவர் செய்தவற்றுள் முதன்மையானது கவனித்தல். உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்த ஒரு சிறுமி, சுற்றிலும் நடந்த ஆரவாரத்தைப் பொருட்படுத்தாமல் நாற்பது முறைக்கும் மேலாக அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். முடித்தபோது களைப்புக்கு மாறாக அவள் முகத்தில் நிறைவு இருந்தது. ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துபோனார். பிள்ளைகள் தாங்களே வேண்டிய பொருளை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. மாண்டிசோரி அதைக் குழந்தைகளின் தேர்வாகக் கண்டார். அன்று முதல் பூட்டிய அலமாரியின் இடத்தில் பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்ந்த அடுக்குகள் வந்தன. அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே வேலையை, முன்முடிவின்றி நோக்கிப் பதிவுசெய்து அதன்படி முறையைத் திருத்துவதை, அவர் வகுப்பறையில் செய்தார்.

அவரது முறையை விளக்கும் நூல் 1909-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவில் பெரும் வரவேற்பும், கூடவே கூர்மையான திறனாய்வும் கிடைத்தன. குழந்தையின் கற்பனைக்கு இடம் போதாது என்றும், பொருள்கள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டுள்ளன என்றும் அங்குள்ள கல்வியாளர்கள் குறை கூறினார்கள். தம் முறையின் மீதும் ஆசிரியர் பயிற்சியின் மீதும் அவர் கொண்டிருந்த கட்டுப்பாடு, நண்பர்கள் சிலரையும் விலகச் செய்தது.

அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத மற்றொரு பகுதியும் உண்டு. 1920-களில் முசோலினியின் அரசு அவரது பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அவரும் அதை ஏற்றார். தாமே தேர்ந்து செயல்படும் குழந்தையும், கட்டளைக்குப் பணியும் குடிமகனும் ஒரே பள்ளியில் உருவாக முடியாது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 1934-இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜி அரசும் அவற்றை மூடியது. பல்லாண்டுகள் வாழ்ந்த பார்சிலோனாவிலிருந்து 1936-இல் உள்நாட்டுப் போர் அவரை வெளியேற்றியது. அறுபத்தாறு வயதில் நாடற்றவர்போல நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

இந்தியாவோடு அவருக்கு முன்பே தொடர்பு இருந்தது. காந்தியடிகள் 1931-இல் லண்டனில் அவரைச் சந்தித்து, அவரது பயிற்சி நிலையத்தில் உரையாற்றினார். தாகூரும் அவரது முறையில் ஈடுபாடு கொண்டிருந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மரியோவுடன் மாண்டிசோரி சென்னை வந்தார். அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் பயிற்சி நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து முந்நூறு பேர் வரை பயின்றார்கள். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாக இருந்த பயணம் அது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர் அனைவரும் பகைநாட்டவர் ஆனார்கள். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே செல்ல முடியாதவரானார். முசோலினியால் விரட்டப்பட்டவரை முசோலினியின் குடிமகளாக நடத்திய விந்தை அது. அவரது எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி, அரசு மரியோவை விடுவித்து அவரிடம் அனுப்பிவைத்தது.

1942-இல் இருவரும் கொடைக்கானலுக்குச் சென்றார்கள். 1944 வரை அங்கு நடத்திய சிறு பள்ளிதான் இக்கட்டுரையின் மையம். வெவ்வேறு வயதும் மொழியும் கொண்ட பிள்ளைகள் அங்கு ஒன்றாகப் பயின்றார்கள். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன உடனிருந்து உதவினார். வகுப்பறைக்கு வெளியே மலையும் சோலைக்காடும் ஏரியும் இருந்தன. செடிகொடிகள், சிற்றுயிர்கள், பாறைகள், நீரோட்டம் எல்லாம் பாடப்பொருளாயின. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அவர் முன்பே சிந்தித்துவந்த 'அண்டம் தழுவிய கல்வி' இங்குதான் முழு உருவம் பெற்றது.

அதன் அடிப்படை எளியது. ஆறு வயதுக்கு முன் குழந்தை தொட்டும் பார்த்தும் உலகை உள்வாங்குகிறது. ஆறுக்குப் பின் ஏன், எப்படி என்று கேட்கத் தொடங்குகிறது. கண்ணுக்கெட்டாததையும் கற்பனையால் எட்டிப் பிடிக்கிறது. எனவே இந்த வயதினருக்குச் சிறு துண்டுகளாகச் செய்திகளைக் கொடுக்கக் கூடாது என்றார் மாண்டிசோரி. நம் பாடநூல்கள் வீடு, தெரு, ஊர் என்று அருகிலிருந்து தொலைவுக்குப் போகும் வழக்கம் உடையவை. அவர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் முழு அண்டத்தின் கதை, பின் உயிர்களின் வருகை, மனிதனின் வருகை, எழுத்தின் கதை, எண்ணின் கதை. முழுமையைக் கண்டு வியந்த பிள்ளை, பகுதிகளைத் தானே தேடிப் போகும் என்பது அவரது நம்பிக்கை.

கதையோடு சோதனையும் உண்டு. வெல்லப்பாகு, தண்ணீர், எண்ணெய் போன்றவற்றை ஒரே குவளையில் ஊற்றினால் எடைக்கேற்ப அடுக்கடுக்காக நிற்கும். பூமி குளிர்ந்தபோது கனமானவை உள்ளேயும் இலேசானவை மேலேயும் தங்கிய கதை அதில் விளங்கிவிடும். பூமியின் வயதைக் காட்ட நீண்ட கறுப்புத் துணியைச் சுருள் சுருளாக விரித்துக்கொண்டே போவார்கள். அதன் கடைசி முனையில் ஒரு மெல்லிய கீற்றுதான் மனிதகுலம்.

இதை ஆரணியில் செய்துகாட்டப் புதிய துணி எதுவும் வேண்டாம். ஐந்தரை மீட்டர் பட்டுப்புடவை ஒன்றைப் பூமியின் 460 கோடி ஆண்டுகளாகக் கொள்வோம். தற்கால மனித இனம் தோன்றிய ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள், அந்தப் புடவையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முந்தியின் விளிம்பில் ஓரிரண்டு ஊடை இழை மட்டுமே. இழையை எண்ணத் தெரிந்த தறிவீட்டுப் பிள்ளைக்கு இது உலகின் வேறெந்தப் பிள்ளையைவிடவும் நன்றாகப் புரியும்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஒரு பட்டுக்கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றை இழை கிடைக்கிறது. கச்சாப்பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்தால் பசை நீங்கி, எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. வேகவைப்பதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்ப்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாத சோதனை அன்று. அந்தச் சோடா நீரில் ஒரு சொட்டை மஞ்சள் தடவிய தாளில் விட்டால் அது சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். காரமும் அமிலமும் அங்கே கண்முன் நிற்கும். ஜக்கார்டு பெட்டியின் அட்டையில் துளை இருந்தால் ஓர் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. கணினியின் முன்னோர்களுள் ஒன்று அந்தத் துளை அட்டை என்பதை அறியும்போது பிள்ளை தன் வீட்டைப் புதிதாகப் பார்க்கும்.

கொடைக்கானல் முறையில் மற்றொரு கூறும் இருந்தது. நாம் உண்பதற்கும் உடுப்பதற்கும் பின்னே எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் படமாக வரைந்து தொடர்புபடுத்த வேண்டும். ஓர் ஆரணிப் பட்டுக்குப் பின்னே மல்பெரி பயிரிடும் விவசாயி, புழு வளர்ப்பவர், கர்நாடகத்தில் நூல் நூற்பவர், சூரத்தில் சரிகை செய்பவர், சாயம் போடுபவர், பாவு பிணைப்பவர், தறியில் அமர்பவர் என நீண்ட சங்கிலி உண்டு. பொருளியலின் முதல் பாடமும் அதுதான்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் ஓர் ஐயம் எழும். எழவும் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வி என்று கடுமையாக எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. சரியான முடிவு அது. காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் பட்டுத்தறியில் உட்கார வைக்கப்பட்ட கொடுமை கடந்த நூற்றாண்டின் இறுதி வரை பேசப்பட்டதையும் நாம் மறக்க முடியாது. தறியைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றாலே அஞ்சுவோருக்கு அஞ்சக் காரணம் இருக்கிறது.

ஆனால், இரண்டும் எதிர்த்திசையில் செல்பவை. குலத்தொழில் கல்வி பிள்ளையைத் தறிக்குப் பழக்குகிறது. மாண்டிசோரியின் வழி, தறியை பிள்ளையின் வினாவுக்கு உட்படுத்துகிறது. முன்னதில் கை உழைக்க அறிவு அடங்கிப்போகிறது. பின்னதில் கை தொடுவதை எல்லாம் அறிவு கேள்வி கேட்கிறது. தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் இருக்கும் பிள்ளை நாளை நெசவாளராக வேண்டியதில்லை. வேதியியல் படிக்கலாம், செய்யாறு தொழிற்பேட்டையில் பொறியாளராகலாம். தன் வீட்டைப் புரிந்துகொண்டு அங்கிருந்து கிளம்புகிற பிள்ளைக்கும், வீட்டைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொண்டு கிளம்புகிற பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்தக் கல்வி இன்று யாருக்குக் கிடைக்கிறது? மாண்டிசோரி என்ற பெயர் எவருடைய தனியுடைமையும் அன்று. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற ஆசிரியரும் உரிய பொருள்களும் உள்ள பள்ளிகள் நகரங்களில் சில உண்டு. அங்குக் கட்டணம் மிகுதி. மற்ற இடங்களில் பெயர் மட்டுமே உண்டு. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் பலகைதான் விலைபோகும். கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் செலுத்தும் நெசவாளிக்கு இதை ஆராய வழியில்லை. ஏழைகளிடம் பிறந்த முறை வசதி படைத்தோரின் அடையாளமாக மாறிப்போனதன் இழப்பு அவர் பிள்ளைக்குத்தான்.

அரசுப் பள்ளிகள் இந்த வழியை முற்றிலும் அறியாதவை அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரியின் சாயல் தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை தாழ்ந்தது. அட்டைகளை அவர்களே தேர்ந்து எடுத்தார்கள். நாளடைவில் அட்டையே மற்றொரு பாடநூலாகிப்போனது அதன் குறை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் மொழியையும் கணக்கையும் முதன்மைப்படுத்தியது. பெருந்தொற்றுக்குப் பின் அது தேவையாக இருந்தது. அதே ஆண்டில் தொடங்கிய வானவில் மன்றம் அறிவியல் சோதனைகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. ஆனால், அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையினருக்கானது. வினாக்கள் பெருக்கெடுக்கும் வயது ஆறு முதல் பன்னிரண்டு என்றார் மாண்டிசோரி. அந்த வயது முடியப்போகும் நேரத்தில் நாம் சோதனைப் பெட்டியைத் திறக்கிறோம்.

எனவே, வானவில் மன்றத்தை மூன்றாம் வகுப்பு வரை கீழே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு குறுவள மையமும் அந்தந்த ஊரின் தொழிலையும் மண்ணையும் ஒட்டி ஒரு சோதனைப் பெட்டியை ஆசிரியர்களைக் கொண்டே உருவாக்கலாம். ஆரணியில் பட்டு, வேறோர் ஊரில் உப்பளம், மற்றோர் ஊரில் சூளை. இதற்குப் பெருஞ்செலவில்லை. செலவு ஆகக்கூடியது ஆசிரியரின் நேரமே. பதிவேடுகளிலும் செயலிகளிலும் கழியும் நேரத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கு விடுவித்தாக வேண்டும். சான் லொரென்சோவில் மாண்டிசோரி தொடங்கியதும் அங்கிருந்துதான்.

போர் முடிந்து 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் இந்தியா வந்து பயிற்சி நடத்தினார். இங்கு ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த நூல்கள் அடையாற்றிலிருந்தே வெளிவந்தன. அமைதிக்கான நோபல் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நூர்த்வைக்கில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரை விரட்டிய இத்தாலி பின்னாளில் தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டுப் பெருமை தேடிக்கொண்டது.

நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய மரியாதை வேறு. போர்க்காலத்தில் நம் மலையில் அவர் உருவாக்கிய அறிவியல் வகுப்பு ஆரணியின் அரசுத் தொடக்கப்பள்ளியை வந்தடைய வேண்டும். பாவு நீட்டிய தெருவில் நடந்து வரும் பிள்ளை, அந்த இழையில் ஒன்றைக் கையில் எடுத்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவும், விடையைத் தானே தேடவும் பள்ளியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த ஒரு மணி நேரம் இன்னும் பாட அட்டவணையில் இடம்பெறவில்லை.